எடைக்குப் போனவை

“பழைய இரும்பு, தகரம், ஈயம், பித்தளை... பழைய பேப்பர், நோட்டுப் புத்தகம்... பேரீச்சம்பழோம்...”

இது எங்கப்பாவின் குரல். புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகிற சாலையில் 16 கிலோமீட்டரில் சித்தன்னவாசல் மலை வரும். அந்த மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் எழுபதுகளின் கடைசி தொடங்கி இருபது வருசத்துக்கு மேல் இந்தக் குரல் கேட்டது. சைக்கிள் கேரியரில் ரெண்டு சாக்கு. ஹேண்டில்பாரில் தொங்கும் கைத்தராசு. முன்னால் ஒரு கூடையில், பாயிலிருந்து பிய்த்தெடுத்த பேரீச்சம்பழம், ஈ மொய்க்காமல் இருக்க மேலே ஒரு ஈரத்துணி. இவ்வளவுதான் அவருடைய கடை.

இன்றைக்கு இதற்கு ‘மறுசுழற்சி’ என்று பேர். பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்கிறது. சுவரில் எழுதிப் போடுகிறார்கள். அமைச்சர்கள் விழா எடுக்கிறார்கள். வெள்ளைக்காரன் நாட்டிலிருந்து வந்த புது அறிவு மாதிரி நமக்கே சொல்லிக் கொடுக்கிறார்கள். எங்கப்பாவுக்கு அந்த வார்த்தை தெரியாது. ‘பழைய சாமான் ஏவாரம்’ என்றுதான் சொல்வார். ஒரு தகர டப்பாவையும் ஒரு கிழிந்த தாளையும் வீணாகப் போகவிடாமல் திரும்ப உலைக்கும் ஆலைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்த ஒரு பெரிய கூட்டத்தின் கடைசிக் கண்ணி அவர். அந்தக் கூட்டத்தின் வரலாற்றை யாரும் எழுதவில்லை. எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

1

எங்க தாத்தா பண்ணையாள். பண்ணை வேலை போக ஊர் வேலையும் உண்டு. சாவுச் சேதி சொல்லப் போகணும், பறை அடிக்கணும், செத்த மாட்டைத் தூக்கணும். எங்கப்பாவுக்கு இருபது வயசு இருக்கும்போது, “இனிமே நான் மாடு தூக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். ஊர்க்காரர்கள் தாத்தாவைக் கூப்பிட்டு மிரட்டினார்கள். கொஞ்ச நாள் யாரும் கூலிக்குக் கூப்பிடவில்லை. அப்போதுதான் புதுக்கோட்டையில் ஒரு பழைய இரும்புக் கடைக்காரரிடம் முன்பணமாக ஒரு சைக்கிளும் தராசும் வாங்கிக்கொண்டு இந்தத் தொழிலுக்குப் போனார்.

அதனால் அவரைப் பொறுத்தவரை இது கேவலமான தொழில் கிடையாது. யார் வீட்டு வாசலிலும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தராசு தன் கையில். விலையைத் தான் சொல்லலாம். “அடுத்தவன் படி அளந்து போட்டதை வாங்குன கை, இன்னைக்கு நான் நிறுத்துக் குடுக்குறேன்” என்று ஒருமுறை சொன்னார். சாதித் தொழிலை விட்டு ஓடிவந்த ஒரு மனுசனுக்கு அந்தத் தராசு எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்தது என்பதைப் படித்தவர்கள் புரிந்துகொள்வது கஷ்டம்.

ஆனால் ஓடிவந்த இடத்திலும் சாதி நின்றது. லீவு நாட்களில் சாக்கைப் பிடித்துக்கொள்ள நானும் கூடப் போவேன். ஊருக்குள் நுழையும்போது சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். சாதி இந்துத் தெருவில் நாங்கள் ஓட்டிக்கொண்டு போக முடியாது. வாசலில் நின்று குரல் கொடுத்தால், உள்ளேயிருந்து பேப்பர்க் கட்டு வரும். கையில் தரமாட்டார்கள். தரையில் போடுவார்கள். “எடுத்துக்கடா” என்று பத்து வயசுப் பிள்ளை எங்கப்பாவைச் சொல்லும். “சரிங்க சாமி” என்பார். பழத்தை அவர் நேராக அவர்கள் கையில் கொடுக்கக்கூடாது. அவர்கள் ஒரு தட்டைத் திண்ணையில் வைப்பார்கள். எட்டி நின்று அதில் போடணும். சில ஆச்சிகள் பழத்தின் மேல் தண்ணீர் தெளித்து எடுத்துப் போவதையும் பார்த்திருக்கிறேன்.

இரும்புக்கு மட்டும் தீட்டு இல்லை. எங்கப்பா தொட்ட தராசுத் தட்டிலிருந்து எடைக்கல்லை எடுத்து, சரியாக இருக்கிறதா என்று கையில் தூக்கிப் பார்ப்பார்கள். “ஏமாத்துறியாடா?” என்று கேட்கும்போது மட்டும் தீட்டு மறந்துவிடும். மண்பானையை நாங்கள் தொட்டால் உடைப்பார்கள். பித்தளையைத் தொட்டால் புளி போட்டு விளக்கிக்கொள்வார்கள். காசு பெறுகிற சாமானுக்கு மட்டும் சாதியைக் கழுவிவிடும் வழி சாத்திரத்தில் இருக்கிறது.

மனுதர்மத்தின் பத்தாவது அத்தியாயத்தில், 52ஆவது சுலோகம், சண்டாளர்களுக்கு என்ன உடைமை இருக்கலாம் என்று வகுக்கிறது. பிணத்தின் துணியை உடுத்த வேண்டும், உடைந்த கலத்தில் உண்ண வேண்டும், அணிகலன் இரும்பில்தான் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பிற்காலத்தில் இதைப் படித்தபோது எங்கப்பாவின் சாக்கு ஞாபகம் வந்தது. உடைந்தது, கிழிந்தது, துருப்பிடித்தது எல்லாம் ஒரு பிறப்புக்கு ஒதுக்கப்பட்டது. ‘பழையது’ என்பது நமக்கு ஒரு பொருளின் நிலைமையாக இல்லாமல் போய்விட்டது. பழைய சோறு, பழைய துணி, பழைய செருப்பு என்று அது நம்முடைய வாழ்க்கை முறையாக விதிக்கப்பட்டது.

2

எங்கப்பா சேர்த்த சாமான் எங்கே போனது என்பதையும் சொல்லணும். ஏனென்றால் அதில் ஒரு பெரிய தொழிலின் கணக்கு இருக்கிறது.

சாயங்காலம் வீட்டு முன்னால் கொட்டி ரகம் பிரிப்போம். அம்மா, நான், தங்கச்சி எல்லோரும் உட்கார்ந்து பிரித்தால்தான் முடியும். தகரம் தனி, வார்ப்பு இரும்பு தனி, அலுமினியம் தனி. நாங்கள் அலுமினியத்தைத்தான் ஈயம் என்போம். செம்பும் பித்தளையும் கிடைத்தால் அன்றைக்குக் கறிச்சோறு. தாளில் செய்தித்தாள் ஒரு விலை, எழுதின நோட்டு ஒரு விலை, அட்டை ஒரு விலை. டப்பாக்களை நசுக்கித் தட்டையாக்குவது என் வேலை. பால்பவுடர் டப்பா, டால்டா டப்பா, பூச்சிமருந்து டப்பா எல்லாம் வரும். பூச்சிமருந்து டப்பாவை வெறுங்கையால் தொட்டுவிட்டு ராத்திரியெல்லாம் கை எரிந்து நான் அழுதிருக்கிறேன். பிரித்த கூலிக்கு எந்தக் கணக்கிலும் இடம் இல்லை. வீட்டுப் பொம்பளைகளும் பிள்ளைகளும் செய்ததால் அது வேலையாகவே எண்ணப்படவில்லை.

எல்லா டப்பாவும் கடைக்குப் போகாது. சேரிக்குள்ளேயே திரும்பப் பிழைக்கும். மண்ணெண்ணெய் டின்னுக்குக் குறுக்கே ஒரு கட்டை அடித்தால் தண்ணீர் எடுக்கும் குடம். அதையே வெட்டி விரித்தால் கதவு, கூரைக்கு ஒட்டு. டால்டா டப்பா குளிக்கிற குவளை. சின்ன டப்பாவில் துளை போட்டுத் திரி வைத்தால் சிமினி விளக்கு. நான் அந்த விளக்கில்தான் பத்தாவது படித்தேன்.

மீதி சாமான் புதுக்கோட்டைக் காயலான் கடைக்குப் போகும். காயல்பட்டினத்துக்காரர்கள் நடத்திய கடை என்பதால் வந்த பேர் என்பார்கள். அங்கிருந்து திருச்சிக்கு மொத்த வியாபாரியிடம். தகரம் உலைக்குப் போய் உருகிக் கம்பியாகும். இரும்பையும் அலுமினியத்தையும் எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கலாம். கனிமத்திலிருந்து புதிதாக அலுமினியம் எடுக்க ஆகும் மின்சாரத்தில் 5 சதவீதம் இருந்தால் போதும், பழைய அலுமினியத்தைத் திரும்ப வார்த்துவிடலாம். தாள் அப்படியில்லை. ஒவ்வொரு தடவை கூழாக்கும்போதும் அதன் நார் குட்டையாகிக்கொண்டே வரும். ஐந்து முதல் ஏழு தடவைக்கு மேல் தாங்காது. பழைய தாளை ஊறவைத்துக் கரைத்து, சோப்பு மாதிரிப் பொருளைக் கலந்து, அடியிலிருந்து காற்றை ஊதினால் மை நுரையோடு சேர்ந்து மேலே வந்துவிடும். நுரையை வழித்தால் கீழே வெள்ளைக் கூழ். கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்வதற்காக 1979இல் அரசு தொடங்கிய புகளூர் காகித ஆலை, பிற்பாடு இப்படி மை நீக்கும் ஆலையையும் அமைத்துக்கொண்டது. எழுதின நோட்டுகளில் ஒரு பங்கு சிவகாசிக்குப் போய் வெடியாகச் சுற்றப்படும்.

கை மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் விலை ஏறும். கீழே குனிந்து பொறுக்குகிறவர், தெருவில் வாங்குகிறவர், கடைக்காரர், மொத்த வியாபாரி, ஆலை. இந்த ஏணியில் மேலே போகப் போக லாபம் கூடுகிறது, கை சுத்தமாகிறது, சாதியும் மாறுகிறது. எங்கப்பா கடைசிவரை இரண்டாவது படிக்கு மேலே ஏறவில்லை. ஒரு கடை போட வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது. மெயின் ரோட்டில் எங்களுக்கு இடம் வாடகைக்குத் தர ஆளில்லை.

3

தகரத்துக்கும் தாளுக்கும் இன்னொரு வரலாறு உண்டு. அது டீக்கடையில் இருக்கிறது.

எங்க தாத்தா காலத்தில் சிரட்டை. எங்கப்பா காலத்தில் தனி டம்ளர். கடைக்கு வெளியே கீற்றில் செருகியோ ஆணியில் மாட்டியோ இருக்கும் ஒடுங்கிய அலுமினிய டம்ளர். நாமே எடுத்து, குடித்து, கழுவித் திரும்ப மாட்டணும். அந்த டம்ளர்கள் ஓட்டையாகிப் போனால் எங்கப்பாவின் சாக்குக்கே வரும். ரெண்டு மூணு வருசம் தன் வாய் வைத்துக் குடித்த டம்ளரை அவரே எடைக்கு வாங்கியிருக்கிறார். “இது நம்ம டம்ளர்டா” என்று சிரித்துக்கொண்டே என்னிடம் நசுக்கக் கொடுப்பார். நான் அதை மட்டும் கல்லை வைத்து ஓங்கி ஓங்கி நசுக்குவேன்.

தொண்ணூறுகளில் அம்பேத்கர் நூற்றாண்டையொட்டிப் பிள்ளைகள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். பல ஊர்களில் இரட்டை டம்ளரை எதிர்த்துப் போராட்டம் நடந்தது. வழக்கு என்றதும் கடைக்காரர்கள் சிலர் வேறு வழி பிடித்தார்கள். நமக்கு மட்டும் குடித்துவிட்டுத் தூக்கிப்போடும் கப். முதலில் பிளாஸ்டிக், பிறகு பேப்பர். போலீஸ்காரர் வந்து பார்த்தால் தனி டம்ளர் எங்கேயும் மாட்டியிருக்காது. தீண்டாமை குப்பைத்தொட்டிக்குள் போய் ஒளிந்துகொண்டது.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் அதில் சேர்த்தி. மண்ணுக்கு நல்லதுதான், நான் மறுக்கவில்லை. சூழலியல் நண்பர்கள், “பழையபடி கண்ணாடி டம்ளருக்குத் திரும்புவோம்” என்று எழுதினார்கள். எந்தப் பழையபடிக்கு? உங்களுக்கு இருந்த பழைய காலத்தில் எங்களுக்கு டம்ளரே உள்ளே இல்லையே.

இது பழங்கதை என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் அன்னவாசல் ஒன்றியத்தில்தான் முத்துக்காடு ஊராட்சி இறையூர் வேங்கைவயல் இருக்கிறது. 2022 டிசம்பர் 26 அன்று அங்கே தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. மறுநாள் விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் டீக்கடையில் இரட்டை டம்ளரைக் கண்டார்கள். அய்யனார் கோயிலுக்குள் தலித் மக்களை அழைத்துப் போக வேண்டியும் வந்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ததாகச் செய்தி வந்தது. வேங்கைவயல் மக்களும் இயக்கங்களும் அதை ஏற்க மறுத்தார்கள். பாதிக்கப்பட்டவனே குற்றவாளியாக நிற்கும் காட்சி நமக்குப் புதிதில்லை. ஆனால் அந்தத் தொட்டி குடிதண்ணீர்த் தொட்டி. ஊர்க் கழிவைச் சுமந்த மக்களின் குடிதண்ணீரிலேயே கழிவு வந்து சேர்ந்தது.

4

இனி தாளுக்கு வருகிறேன்.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. எங்கள் தெருவிலும் ராத்திரி வகுப்பு நடந்தது. அம்மா அதில் சேர்ந்தார். பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் கற்றுக்கொண்ட காலம் அது. எங்கப்பாவின் இரும்புக்கார சைக்கிளில்தான் அம்மா ஓட்டிப் பழகினார். முழங்காலில் அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது.

எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் அம்மாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. ரகம் பிரிக்கும்போது பேப்பரை வாசிக்க ஆரம்பித்தார். மற்றவர்கள் வீட்டில் படித்து முடித்து ஒரு மாசம் ஆன செய்தி எங்கள் வீட்டில் அன்றைக்குத்தான் புதுச்செய்தி. வேலை ஓடாது. அப்பா சத்தம் போடுவார். “நீ படிச்சுக் கிழிச்சது போதும், கட்டைக் கட்டு” என்பார். அம்மா விடமாட்டார். “நிக்கச் சொல்லுங்க ஒங்க தராசை” என்பார்.

1995 ஆகஸ்டு 31 அன்று கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து வீடு வீடாக உடைத்தது. அந்தச் செய்தி ஒரு மாசம் கழித்து எங்கள் சாக்கில் வந்தது. அம்மா அதை எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தார். டிவியும் பாத்திரமும் உடைந்து கிடந்த கதையைக் கேட்ட அப்பா, “எல்லாம் பழைய இரும்பாக்கிட்டாங்ய” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்தத் தாள் எடைக்குப் போகவில்லை. எண்ணெய் டின் தகரத்தில் பட்டறையில் அடித்த ஒரு பெட்டி எங்களிடம் இருந்தது. அதில் போட்டு மூடினார் அம்மா. பிறகு 1997 ஜூன் 30 மேலவளவு. 1999 ஜூலை 23 தாமிரபரணி, 17 உயிர். ஒவ்வொன்றும் எங்கள் சாக்கில்தான் வந்தது, அந்தத் தகரப் பெட்டிக்குள் போனது. காசு கொடுத்துப் பேப்பர் வாங்கிய வீடுகள் தூக்கிப் போட்டதை, எடைக்கு வாங்கிய வீடு சேர்த்து வைத்தது.

நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் இதன் அர்த்தம் பிடிபட்டது. நம்முடைய எழுத்தின் வரலாறே இப்படிப்பட்டது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கி 1900 வரை நடத்தினார். அதன் முழுத் தொகுதி இன்று நம் கையில் இல்லை. எந்த வீட்டுப் பரணில் செல்லரித்ததோ, எந்தத் தராசில் ஏறியதோ! அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். மறு வருசம் அது ‘தமிழன்’ ஆனது. 1914இல் அவர் மறையும்வரை வாரந்தவறாமல் எழுதியவை எத்தனையோ ஆயிரம் பக்கம். அந்தப் பேரில் இருபதுகளில் கோலார் தங்கவயலில் அப்பாதுரையார் மீண்டும் இதழ் நடத்தினார். இவ்வளவும் நடந்த நாட்டில், அயோத்திதாசர் என்று ஒருவர் இருந்ததையே படித்தவர்கள் மறந்துபோனார்கள். அன்பு பொன்னோவியம் போன்ற சிலர் தாளைத் தாளாகத் தேடிச் சேர்த்ததால்தான், 1999இல் ஞான அலாய்சியஸ் அயோத்திதாசர் சிந்தனைகளைத் தொகுத்து வெளியிட முடிந்தது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் அதை அச்சிட்டது. ஜெ. பாலசுப்பிரமணியம் 1869 முதல் 1943 வரை வந்த தலித் இதழ்களைப் பற்றி எழுதிய நூல் 2017இல்தான் வந்தது. எழுபத்தைந்து வருச எழுத்து இருந்தது என்று நமக்கே தெரிய இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

அயோத்திதாசர் தன் பாட்டனார் கந்தப்பனைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த கந்தப்பன், தன்னிடமிருந்த திருக்குறள் ஏட்டை அந்தத் துரை மூலமாக எல்லிஸிடம் சேர்ப்பித்தார் என்பது அவர் சொல்லும் செய்தி. ஒரு பட்லர் வீட்டில் ஏடு இருந்தது. அதை அடுப்புக்குப் போடாமல் காப்பாற்றி அச்சுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கம்மாவின் தகரப் பெட்டியை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கந்தப்பன் ஞாபகம் வருகிறார்.

5

சித்தன்னவாசல் பக்கத்தில் பிறந்தவன் நான். ஆனாலும் அறிவர் கோயில் ஓவியத்தை முதன்முதலில் சரியாகப் பார்த்தது கல்லூரியில் படிக்கும்போதுதான். தாமரைக் குளம், யானை, மீன், பூப்பறிக்கும் ஆட்கள் என்று கூரையில் தீட்டியிருக்கிறார்கள். மலைக்கு மேல் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களின் கல்படுக்கைகள். அங்கே தமிழ் பிராமியில் ஒரு பழைய கல்வெட்டு. எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்கு இளையர் என்பவர் செய்துகொடுத்த இருக்கை என்று அது சொல்கிறது. கீழே குகைக்கோயிலில் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் பழுதுபார்த்துப் புதுக்கி, முன்மண்டபமும் எடுத்தார் என்கிறது அது.

ஒரு படுக்கையைச் செதுக்கியவர் பேர் கல்லில் இருக்கிறது. பழையதைப் புதுக்கியவர் பேரும் கல்லில் இருக்கிறது. நல்லதுதான், இருக்கட்டும். ஆனால் பழையதைப் புதுக்குவதையே வாழ்க்கையாகக் கொண்ட எங்கப்பாவின் பேர், ரேஷன் கார்டைத் தவிர வேறு எந்தத் தாளிலும் இல்லை.

மலையைச் சுற்றிப் பெருங்கற்காலப் புதைகுழிகள் இருக்கின்றன. தாழி ஓடு, துருப்பிடித்த இரும்பு என்று எது கிடைத்தாலும் தொல்லியல்காரர்கள் அதைத் துணியில் வைத்துத் தூக்குகிறார்கள். 1910இலிருந்து இருக்கும் புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் உடைந்த பானைகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். 2023இல் பொற்பனைக்கோட்டையில் தோண்டியபோது ஒவ்வொரு ஓட்டுத்துண்டுக்கும் எண் போட்டார்கள். உலகம் முழுக்க வரலாற்றை இப்படித்தான் எழுதுகிறார்கள். முன்னோர் தூக்கிப்போட்ட குப்பையை வைத்துத்தான் எழுதுகிறார்கள். ரெண்டாயிரம் வருசத்துக் குப்பை வரலாறாகிவிடுகிறது. நேற்றைய குப்பையைத் தொட்ட கை மட்டும் தீட்டாகவே நிற்கிறது.

பாரிஸ் நகரத்தில் 1884இல் வீட்டுக்கு வீடு குப்பைத்தொட்டி வைக்கச் சொல்லி உத்தரவு போட்டவர் பூபெல் என்ற அதிகாரி. குப்பை பொறுக்கிப் பிழைத்த ஆயிரக்கணக்கானோர் அப்போது எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இன்றைக்கும் பிரெஞ்சு மொழியில் குப்பைத்தொட்டிக்கு அந்த அதிகாரியின் பேர்தான். பொறுக்கியவர்களுடைய பேர் அங்கேயும் இல்லை. ஆனால் அங்கே அது வறுமை. இங்கே பிறப்பு. நம் நாட்டில் குப்பைக்காரன் வீட்டில்தான் குப்பைக்காரன் பிறக்க வேண்டும்.

6

போன வருசம் என் மகளின் கல்லூரித் தோழிகளைக் கூட்டிக்கொண்டு சித்தன்னவாசல் போயிருந்தேன். திரும்பும் வழியில் பக்கத்து ஊராட்சி ஒன்றில் என் சின்னம்மா மகளைப் பார்த்தேன். அங்கே தூய்மைக் காவலர் வேலை பார்க்கிறாள். பச்சைச் சட்டை, தள்ளுவண்டி, மட்கும் குப்பைக்கு ஒரு தொட்டி, மட்காத குப்பைக்கு ஒரு தொட்டி. “துப்புரவுப் பணியாளர்” என்பதைத் “தூய்மைப் பணியாளர்” என்று 2020இல் அரசு மாற்றியது. பேர் மாறியிருக்கிறது. எத்தனை ஊராட்சிகளில் வண்டியைத் தள்ளுகிற தெரு மாறியிருக்கிறது என்று நண்பர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

“பிரிச்சுப் போடுறாங்களா?” என்று கேட்டேன்.

“எங்கிட்டுண்ணே! பிரிச்சுப் போடுங்கன்னா, அதுக்குத்தானே ஒன்னைய வச்சிருக்குங்கிறாக. பேப்பருக்குள்ள சோத்தைக் கட்டிப் போடுறாக. தகர டப்பாவுக்குள்ள பிளேடு கெடக்கு” என்று விரலைக் காட்டினாள்.

எங்கப்பா காலத்தில் பேப்பர்க் கட்டு தனியாக வரும், தகரம் தனியாக வரும். ஏனென்றால் அதற்குப் பழம் கிடைத்தது, காசு கிடைத்தது. ஊராட்சி வண்டி இலவசமாக வந்ததும், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி அவள் தலையில் போடுகிறார்கள். பொருளுக்கு விலை இருந்தபோது ஒழுங்காகப் பிரித்த கை, ஒரு பெண்ணின் உழைப்பு என்று வரும்போது பிரிக்க மறுக்கிறது. இதில் விழிப்புணர்வுக் குறைவு எங்கே இருக்கிறது? அவர்களுக்கு எல்லாம் தெரியும். பிரிப்பது தன் வேலை இல்லை என்றும் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1993இல் புனேயில் குப்பை பொறுக்கும் பெண்கள் ஒரு சங்கம் கட்டினார்கள். பேர் காகத் காச் பத்ரா கஷ்டகாரி பஞ்சாயத்து. காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளர் மன்றம் என்று அர்த்தம். பெரும்பாலும் தலித் பெண்கள். கூட நின்றவர் பாபா ஆடவ். எழுபதுகளில் மராட்டியத்தில் ‘ஒரு ஊருக்கு ஒரே தண்ணீர்த் துறை’ என்று கிணறு கிணறாகப் போராடியவர். தண்ணீரில் தீண்டாமையைப் பார்த்தவருக்குக் குப்பையிலும் அது தெரிந்திருக்கிறது. அந்தச் சங்கம் போராடி மாநகராட்சி ஒப்புதலோடு அடையாள அட்டை வாங்கியது. 2008இல் ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவாக, வீடு வீடாகக் குப்பை எடுக்கும் வேலையை மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு எடுத்தது. பிரித்தெடுத்த தகரத்தையும் தாளையும் விற்கும் காசு அந்தப் பெண்களுக்கே. 2016இல் மத்திய அரசு கொண்டுவந்த திடக்கழிவு விதிகள், குப்பை பொறுக்குவோரை முதன்முறையாகப் பேர் சொல்லி அங்கீகரித்து, அவர்களை இந்த வேலையில் இணைக்கும்படி உள்ளாட்சிகளுக்குச் சொன்னது. இப்படிச் சங்கங்கள் இருபது வருசம் தொண்டை கிழியக் கத்திய பிறகுதான் இதுவும் நடந்தது.

இதிலும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. கூலி உயர்ந்து, அட்டை கிடைத்து, மரியாதையும் கிடைத்தாலும், அந்த வேலை அதே சாதியிடமே நின்றால் அது விடுதலையா? எங்கப்பா மாடு தூக்க மறுத்தபோது யாரும் அவருக்கு நல்ல கூலி தருகிறோம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் தூக்கியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். இன்றைக்கு வண்டி தள்ளுகிற என் தங்கச்சிக்கு நிரந்தர வேலை வேண்டும், முழுச் சம்பளம் வேண்டும், கையுறையும் வைத்தியமும் வேண்டும், பிரித்த பொருளின் காசும் வேண்டும். அதே சமயம் அவள் மகள் அந்த வண்டியைத் தொடக்கூடாது. இரண்டையும் சேர்த்துத்தான் நாம் கேட்க வேண்டும். ஒவ்வொரு வீடும் தன் அழுக்கைத் தானே தொட்டுப் பிரிக்கும் நாளில்தான் மறுசுழற்சி சூழலியல் ஆகும். அதுவரை அது சாதித் தொழில்தான்.

அப்பா இறந்து வருசங்கள் ஆகிவிட்டன. அம்மாவும் இல்லை. தராசை யாரோ எடைக்குப் போட்டுவிட்டார்கள். தகரப் பெட்டி என்னிடம் இருக்கிறது. திறந்தால் பழுப்பேறிய தாள், ஓரங்கள் உதிர்கின்றன. கொடியன்குளம், மேலவளவு, தாமிரபரணி. அடியில் அறிவொளி நோட்டு. முதல் பக்கத்தில் அம்மா கோணல்மாணலாக எழுதிய அவர் பேர். அதற்குக் கீழே அதே கையெழுத்தில், அப்பாவுக்குத் தெரியாமல் எழுதினாரோ என்னவோ, அப்பாவின் பேர்.

இதைப் படிக்கிற தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் சேரியிலும் இயக்க அலுவலகத்திலும் பழைய கட்டுகள் கிடக்கும். நின்றுபோன சிறுபத்திரிகை, மாநாட்டு நோட்டீஸ், வழக்கு நகல், மனு, பாட்டு எழுதிய நோட்டு, குரூப் போட்டோ. இடத்தை அடைக்கிறது என்று தராசுக்காரரைக் கூப்பிடுவீர்கள். கூப்பிடுங்கள், அவருக்கும் பிழைப்பு வேண்டும். எடைக்குப் போடும் முன்னால் மட்டும் ஒரு தடவை உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள்.